கடிகாரம் இல்லாத ஒழுங்கு: ஒத்தியங்காச் சுற்றுகளின் வரலாறு



மொழியியல் பயின்று பணி ஓய்வு பெற்ற ஒருவன் மின்சுற்றுகளைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுள் சிலருக்கு வியப்பளிக்கலாம். என்னை இங்குக் கொண்டுவந்தது ஒரு சொல். பல ஆண்டுகளுக்கு முன் கணினித்துறைக் கலைச்சொற்களைத் தமிழாக்கும் பணியரங்கு ஒன்றில் அமர்ந்திருந்தேன். ‘அசிங்க்ரனஸ்’ என்னும் சொல் வந்தது. ‘ஒத்திசைவற்ற’ என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போக முனைந்தேன். எதிரில் இருந்த மின்னணுப் பொறியாளர் தடுத்தார். “ஐயா, அந்தச் சுற்றுகளில் இசைவுக்கு ஒரு குறையும் இல்லை. ஒன்றை ஒன்று கேட்டுத்தான் நடக்கின்றன. கடிகாரம் மட்டுந்தான் கிடையாது” என்றார். அன்று நெடுநேரம் வாதிட்டு, ‘ஒத்தியங்கா’ என்னும் சொல்லை ஏற்றோம். ஆயினும் அவர் சொன்னதை நான் முழுமையாக விளங்கிக்கொள்ள, அச்சுற்றுகளின் வரலாற்றைத் தேடிப் படிக்க வேண்டியிருந்தது. அந்த வரலாற்றையே இன்று உங்கள்முன் வைக்கிறேன். மின்னிலக்கச் சுற்றொன்று எச்சூழலிலும் பிழையின்றி இயங்க வேண்டுமானால் அது எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்னும் வினாவே இவ்வரலாற்றின் உயிர்.

மணியடித்தால் மாறும் உலகம்

கணினிச் சில்லுக்குள் இருப்பவை, அடிப்படையில், தருக்க வாயில்கள். 0 அல்லது 1 என்னும் மதிப்பு கம்பிகள் வழியாக வாயிலுக்கு வந்து சேரும். வந்தவற்றைக் கொண்டு வாயில் தன் விடையை வேறொரு கம்பியில் தரும். ‘மற்றும்’ வாயில், எல்லா உள்ளீடும் 1 ஆனால்தான் 1 தரும். ‘அல்லது’ வாயில், ஏதேனும் ஒன்று 1 ஆனாலே 1 தரும். ‘இல்லை’ வாயில் வந்ததை மாற்றித் தரும். கூட்டல் கழித்தல் முதல் இன்றைய செயற்கை நுண்ணறிவு வரை அனைத்தும் இவற்றைக் கோத்துக் கட்டியவையே.

பாடநூலில் இவை நொடிப்பொழுதும் தாமதிக்காமல் விடை தருகின்றன. மெய்யுலகில் அப்படி இல்லை. ஒவ்வொரு வாயிலுக்கும் சிறு தாமதம் உண்டு. அத்தாமதம் வாயிலுக்கு வாயில் வேறுபடும். வெப்பம் ஏறினால் மாறும். மின்னழுத்தம் இறங்கினால் மாறும். ஒரே வார்ப்பில் செய்த இரு சில்லுகளுக்குள்ளும் அது ஒன்றாக இராது.

இதனால் வரும் சிக்கலுக்கு ஓர் எளிய எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். ஒரு செய்தி இரு கிளையாகப் பிரிகிறது. ஒரு கிளை நேராகச் செல்கிறது. மற்றது ‘இல்லை’ வாயிலைக் கடந்து செல்கிறது. இரண்டும் ஒரு ‘மற்றும்’ வாயிலில் மீண்டும் சேர்கின்றன. ஏரணப்படி இரு கிளைகளும் எப்போதும் எதிரெதிராகவே இருக்கும். ஆகவே விடை எப்போதும் 0. ஆனால் செய்தி 0 என்பதிலிருந்து 1 ஆகும்போது, நேர்வழிக் கிளை உடனே 1 ஆகிவிடும். ‘இல்லை’ வாயில் தாமதிப்பதால் மற்றக் கிளையில் பழைய 1 இன்னும் நிற்கும். அந்த ஒரு கணத்தில் இரண்டும் 1. வரவே கூடாத ஒரு பொய்த்துடிப்பு விடையில் எழுந்து மறையும். அதை அடுத்துள்ள சுற்று மெய்யென்று எடுத்துக்கொண்டால் கணக்கு தவறிவிடும்.

இதற்குப் பெரும்பாலான பொறியாளர்கள் கண்ட தீர்வு கடிகாரம். நம் பள்ளிமணியை நினைத்துக்கொள்ளுங்கள். மணிக்கும் மணிக்கும் இடையே வகுப்பறையில் என்ன குழப்பம் நடந்தாலும் யாரும் பார்ப்பதில்லை. மணியடிக்கும்போது விடைத்தாள் மேசைமேல் இருக்க வேண்டும், அவ்வளவே. சில்லுக்குள்ளும் சீரான துடிப்பொன்று எல்லா மூலைக்கும் அனுப்பப்படுகிறது. துடிப்பு வரும் நேரத்தில் கம்பியில் இருக்கும் மதிப்பே மதிப்பு. இடையில் எழுந்த பொய்த்துடிப்புகளுக்குக் கணக்கில்லை. இத்தகையது ஒத்தியங்கு சுற்று.

இத்தீர்வு எளிது, கற்பிக்கவும் ஏற்றது. ஆனால் அதனுள் ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது: ‘இந்த இடைவெளிக்குள் எல்லாரும் வேலையை முடித்திருப்பார்கள்.’ ஆகவே இடைவெளியை மிக மெதுவானவருக்கு ஏற்ப அமைத்து, அதற்குமேல் சிறிது காப்பு நேரமும் சேர்க்க வேண்டும். விரைவில் முடித்தவர்கள் கைகட்டிக் காத்திருப்பார்கள். அத்தனை காப்பையும் மீறி யாரேனும் பின்தங்கிவிட்டால், மணி அதை அறியாது. முடியாத விடையே முடிந்த விடையாக ஏற்கப்பட்டுவிடும். ‘மௌனம் சம்மதம்’ என்று நாம் சொல்வதுண்டு. கடிகாரச் சுற்று மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்கிறது.

தொடக்கத்திலேயே இரு வழிகள்

கடிகாரமில்லாச் சுற்று பிற்காலத்தில் வந்த புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது கணினியோடு உடன்பிறந்தது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் ஜான் வான் நாய்மனின் தலைமையில் உருவான கணினிக்கு மையக் கடிகாரம் இல்லை. ஒரு செயல் முடிந்தபின் அடுத்த செயல் தொடங்கும் வகையில் அது இயங்கியது. அதன் அமைப்பைப் பின்பற்றி இல்லினாய் பல்கலைக்கழகத்தார் இரு கணினிகளைக் கட்டினர். ஒன்று அமெரிக்கப் படைத்துறைக்காகக் கட்டிய ‘ஓர்ட்வாக்’. மற்றது தமக்கே வைத்துக்கொண்ட ‘இலியாக்’. 1952இல் இயங்கத் தொடங்கிய இலியாக்கில் ஏறத்தாழ 2,800 வெற்றிடக் குழல்கள் இருந்தன. குழல்கள் சூடேறும், மூப்படையும், ஒன்றுபோல் மற்றொன்று இயங்கா. அத்தகைய உறுப்புகளோடு பழகியவர்களுக்கு, ‘இவ்வளவு நேரத்தில் முடித்துவிடும்’ என்று ஒரு குழலை நம்புவது எளிதாக இருந்திருக்காது.

1950களில் இரு அறிஞர்கள் இச்சிக்கலுக்குக் கோட்பாட்டு வடிவம் தந்தனர். இருவரும் வெவ்வேறு திசையில் சென்றனர் என்பது நம் கவனத்திற்குரியது.

முதலாமவர் டேவிட் ஹஃப்மன். தரவுகளைச் சுருக்கும் ‘ஹஃப்மன் குறிமுறை’யால் உலகறிந்தவர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய அவர், முந்தைய நிலையை நினைவில் வைத்து இயங்கும் சுற்றுகளை வடிவமைக்கும் முறையை 1954இல் வெளியிட்டார். கம்பிகளிலும் வாயில்களிலும் ஏற்படும் தாமதத்திற்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்பது அவர் முறைக்கு அடிப்படை. ஓர் உள்ளீடு மாறியபின், சுற்று முழுதும் அடங்கி அமைதியுறும் வரை அடுத்த உள்ளீடு மாறக்கூடாது. பொய்த்துடிப்பு எழக்கூடிய இடங்களைக் கண்டறிந்து, கூடுதல் வாயில் சேர்த்தோ வேண்டுமென்றே தாமதம் சேர்த்தோ அதைத் தடுக்க வேண்டும். கடிகாரம் இங்கு இல்லை. ஆனால் ஊகம் இருக்கிறது. சுவரிலிருந்த கடிகாரம் வடிவமைப்பாளரின் மனத்துக்குள் போய்விட்டது என்று சொல்லலாம்.

இரண்டாமவர் இல்லினாயின் டேவிட் முல்லர். ஒரு வாயில் எவ்வளவு தாமதித்தாலும் சரி, சுற்றின் விடை மாறக்கூடாது. தாமதித்தால் விடை பிந்தி வரலாமே ஒழியப் பிழைபட்டு வரக்கூடாது. இவ்வாறு இயங்கும் சுற்றுகளை அவர் ‘வேகம் சாராச் சுற்றுகள்’ என்று வகைப்படுத்தினார். அவரும் பார்ட்கியும் சேர்ந்து எழுதிய கோட்பாடு 1957இல் ஹார்வர்ட் கருத்தரங்கில் படிக்கப்பெற்று 1959இல் நூலாக்கம் பெற்றது. 1960களின் தொடக்கத்தில் இயங்கிய இரண்டாம் இலியாக் கணினியின் வடிவமைப்பில் இக்கோட்பாடு கைகொடுத்தது.

முல்லர் நமக்கு விட்டுச்சென்ற சிறிய உறுப்பொன்று இன்றும் இத்துறையின் அடிக்கல்லாக உள்ளது. ‘முல்லரின் சி உறுப்பு’ என்று அதைச் சொல்வர். அதற்கு இரு உள்ளீடுகள். இரண்டும் 1 ஆனால் அதன் விடை 1 ஆகும். இரண்டும் 0 ஆனால் 0 ஆகும். இரண்டும் வேறுபட்டால் முந்தைய விடையே நீடிக்கும். ஊர்ப் பெரியவர் இருவர் சேர்ந்து முடிவெடுக்கும் வழக்கத்தை இதற்கு ஒப்பிடலாம். இருவரும் ஒப்பினால்தான் மாற்றம். ஒருவர் மட்டும் தலையசைத்தால் பழைய ஏற்பாடே தொடரும். பலர் தனித்தனி வேகத்தில் வந்து சேரும் இடத்தில், ‘எல்லாரும் வந்துவிட்டார்களா’ என்று அறிந்துகொள்ள இவ்வுறுப்புப் பயன்படுகிறது.

உம் கொட்டும் சுற்று

வேகத்தை நம்பாமல் எப்படி ஒழுங்கு காப்பது? இவ்விடத்தில்தான் ஒரு மொழியியலாளன் பேசுவதற்கு இடம் கிடைக்கிறது.

பாட்டி கதை சொன்ன காலத்தை நினைவுகூருங்கள். “ஒரே ஒரு ஊரிலே ஒரு ராஜா” என்பார். பேரன் “உம்” என்பான். அந்த ‘உம்’ வந்த பிறகே அடுத்த வரி பிறக்கும். ‘உம்’ நின்றுவிட்டால் பிள்ளை உறங்கிவிட்டது என்று கதையையும் நிறுத்திவிடுவார். பாட்டியிடம் கடிகாரம் இல்லை. ஆயினும் ஒரு வரியும் தவறுவதில்லை. ஒரு வரிமேல் மற்றொரு வரி ஏறுவதும் இல்லை. பிள்ளை விழிப்பாக இருந்தால் கதை விரைகிறது. தூக்கக் கலக்கத்தில் இருந்தால் கதை தானாகவே மெதுவாகிறது.

ஒத்தியங்காச் சுற்றுகளின் இயக்கமும் இதுவே. அனுப்பும் உறுப்பு ‘இதோ’ என்று வேண்டுகை விடுக்கும். பெறும் உறுப்பு வேலையை முடித்து ‘பெற்றேன்’ என்று ஒப்புகை தரும். ஒப்புகை வராமல் அடுத்தது அனுப்பப்படாது. பொறியாளர்கள் இதனைக் ‘கைகுலுக்கல்’ என்கின்றனர். ‘உம் கொட்டுதல்’ என்று நாம் சொன்னால் இன்னும் பொருத்தமாக இருக்கும்.

இங்கே ஒரு நுட்பமான வினா எழுகிறது. செய்தி முழுமையாக வந்துவிட்டது என்பதைப் பெறும் உறுப்பு எப்படி அறியும்? ஒரு கம்பியில் 0 இருந்தால், ‘மதிப்பு 0’ என்று பொருளா, ‘இன்னும் ஒன்றும் வரவில்லை’ என்று பொருளா? இரண்டுக்கும் ஒரே தோற்றம். பேச்சிலும் இதே சிக்கல் உண்டு. எதிரில் இருப்பவர் பேசாமல் இருந்தால், மறுக்கிறாரா, இன்னும் யோசிக்கிறாரா என்று தெரிவதில்லை. இதற்குக் கண்ட தீர்வு, ஒவ்வொரு பிட்டுக்கும் இரு கம்பிகள் தருவது. முதற்கம்பி எழுந்தால் 0. இரண்டாங்கம்பி எழுந்தால் 1. இரண்டும் எழாவிட்டால் ‘இன்னும் வரவில்லை’. இரண்டும் ஒருசேர எழுவது என்றும் நேராது. இப்போது மௌனத்திற்குத் தனிக் குறியீடு கிடைத்துவிட்டது. 32 பிட் கொண்ட எண் ஒன்று வர வேண்டுமானால், 32 இணைகளிலும் ஏதேனும் ஒரு கம்பி எழுந்ததை முல்லரின் உறுப்புகளைக் கோத்துத் தெரிந்துகொள்ளலாம். தெரிந்தபின் ஒப்புகை. ஒப்புகையைக் கண்டதும் அனுப்புநர் எல்லாக் கம்பிகளையும் மௌனத்திற்குத் திருப்புவார். மௌனம் முழுமையாக வந்ததும் ஒப்புகையும் தணியும். பிறகு அடுத்த எண். இரு சொற்களுக்கு நடுவே இடைவெளி விட்டு எழுதுவதைப் போன்றது இது.

இம்முறையில் நேரத்தைப் பற்றிய ஊகம் மிகக் குறைவு. ஆனால் கம்பிகள் இரட்டிப்பாகின்றன, வாயில்களும் பெருகுகின்றன. செலவைக் குறைக்க விரும்புவோர், பிட்டுக்கு ஒரு கம்பியையே வைத்துக்கொண்டு, முழு எண்ணுக்கும் பொதுவாக ஒரு வேண்டுகைக் கம்பியை இணைப்பர். அப்போது, ‘எண் வந்து சேர்ந்த பின்னரே வேண்டுகை வந்து சேரும்’ என்னும் ஊகம் மீண்டும் நுழைகிறது. உறுதிப்பாட்டிற்கும் செலவுக்கும் இடையிலான இந்த இழுபறி, இத்துறையின் வரலாறு முழுவதும் தொடர்ந்து வருகிறது.

மதில்மேல் பூனை

1960களில் கடிகாரமே வென்றது. அதற்கு நல்ல காரணங்கள் உண்டு. கடிகாரச் சுற்றை வடிவமைக்க எளிது, சோதிக்க எளிது, துடிப்பை நிறுத்திவைத்து ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம். வடிவமைப்புக் கருவிகளும் பாடத்திட்டங்களும் அதைச் சுற்றியே வளர்ந்தன. ஸ்டீவன் அங்கர் 1969இல் ஒத்தியங்காச் சுற்றுகளுக்கென ஒரு முழுப் பாடநூல் எழுதினார். ஆயினும் தொழிற்சாலைகள் வேறு வழியில் சென்றுவிட்டிருந்தன.

அந்நாளில் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வெஸ்லி கிளார்க், சார்ல்ஸ் மோல்னர் ஆகியோரின் குழு மாறுபட்ட ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. கூட்டும் பெட்டி, நினைவுப் பெட்டி எனத் தனித்தனிப் பெட்டிகளைச் செய்து, வடங்களால் இணைத்தால் தேவையான கணினி உருவாகிவிட வேண்டும். இணைப்பவர் மின்பொறியாளராக இருக்கத் தேவையில்லை. இதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘மேக்ரோமாட்யூல்’. உயிரியல் ஆய்வாளர் ஒருவர் பெட்டிகளை எவ்வளவு நீள வடத்தால் இணைப்பார் என்று முன்கூட்டி யார் சொல்ல முடியும்? ஆகவே பெட்டிகள் ஒன்றுக்கொன்று ஒப்புகை தந்து இயங்குமாறு அமைத்தனர்.

அக்குழுவினர் கண்டறிந்த ஓர் உண்மை, கடிகாரத்தை நம்பியவர்களையும் உலுக்கியது. இரு வேண்டுகைகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்தால், எது முதலில் வந்தது என்று தீர்ப்பளிக்க ஒரு நடுவர்ச் சுற்று வேண்டும். இரண்டும் மிக நெருங்கி வரும்போது நடுவர் 0 என்றும் சொல்லாமல் 1 என்றும் சொல்லாமல் இடையில் ஊசலாடி நிற்கலாம். ‘மதில்மேல் பூனை’ என்று நம்மவர் சொல்வார்களே, அதே நிலை. பூனை எப்போதேனும் ஒரு பக்கம் குதித்தே தீரும். ஆனால் எப்போது என்பதற்கு வரம்பு கிடையாது. நேரம் செல்லச் செல்ல, இன்னும் குதிக்காமல் இருக்கும் வாய்ப்பு மிக விரைவாகக் குறையும்; சுழியாகாது.

ஐவர் கேட் 1966இலேயே இதனைச் சுட்டி எழுதினார். தாமஸ் சேனியும் மோல்னரும் 1973இல் ஆய்வுமுறையில் விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். பலர் நம்ப மறுத்தனர். நல்ல சுற்றாக அமைத்தால் இந்நிலையை அறவே ஒழித்துவிடலாம் என்று புதுப்புது வடிவங்களைக் காட்டினர். ஒழிக்க இயலாது என்பதே முடிவாக நிலைபெற்றது. கணினி அறிஞர் லெஸ்லி லாம்போர்ட் இதனைப் பொதுவான விதியாக விரித்து 1984இல் ஒரு கட்டுரை எழுதினார். இரு வைக்கோற் போர்களுக்குச் சமதொலைவில் நின்று எதைத் தின்பதென்று முடிவெடுக்க இயலாமல் பட்டினி கிடந்த கழுதையின் பழைய ஐரோப்பியக் கதையிலிருந்து அதற்குப் பெயரிட்டார். அக்கட்டுரை ஆய்விதழில் அச்சேறியது 2012இல்தான்.

கடிகாரச் சுற்று இச்சிக்கலிலிருந்து தப்ப முடியாது. வெளியுலகம் அதன் கடிகாரத்திற்குக் கட்டுப்பட்டதன்று. விசைப்பலகையைத் தட்டும் விரல் துடிப்பைப் பார்த்துத் தட்டுவதில்லை. ஆகவே வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு செய்தியையும் ஒரு துடிப்போ இரு துடிப்போ காக்கவைத்து உள்ளே விடுகின்றனர். பிழை மிக அரிதாகிறது, முற்றும் நீங்குவதில்லை. ஒத்தியங்காச் சுற்றுக்கோ இங்கே ஒரு வசதி உண்டு. நடுவரின் வாயிலில் ஒரு வடிகட்டியை வைத்து, பூனை குதிக்கும் வரை வெளியே எச்செய்தியும் போகாமல் தடுத்துவிடலாம். அதற்கு அவசரம் இல்லை. எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திருக்கும். தவறாக மட்டும் சொல்லாது.

மீண்டும் எழுந்த மரபு

1980இல் கார்வர் மீடும் லின் கான்வேயும் பேரளவுச் சில்லு வடிவமைப்பைப் பற்றி எழுதிய நூல் உலகெங்கும் பாடநூலாயிற்று. அதில் நேர ஒழுங்கைப் பற்றிய இயலை எழுதியவர் சார்ல்ஸ் சைட்ஸ். சில்லுகள் பெரிதாகப் பெரிதாக, ஒரே துடிப்பை எல்லா மூலைக்கும் ஒரே நேரத்தில் கொண்டுசேர்ப்பது கடினமாகும் என்பதை எடுத்துரைத்து, ‘தன்னேரச் சுற்றுகள்’ என்னும் மாற்றை அவர் விளக்கினார். நொடிக்கு 300 கோடி முறை துடிக்கும் இன்றைய சில்லில், ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே ஒளியே ஏறத்தாழ 10 சென்டிமீட்டர்தான் செல்லும். சில்லின் மெல்லிய கம்பிகளில் செய்தி அதைவிடப் பன்மடங்கு மெதுவாகவே செல்கிறது.

1988இல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் அலென் மார்ட்டினின் குழு, முழுமையாகக் கடிகாரமில்லாத முதல் நுண்செயலியை வடிவமைத்தது. 16 பிட் செயலி அது. அடுத்த ஆண்டில் அதன் சோதனை முடிவுகள் வெளிவந்தன. மின்னழுத்தத்தைக் குறைத்தபோது அது மெதுவாக இயங்கியது, கூட்டியபோது விரைந்தது, விடை பிழைபடவில்லை. கழியக் குறை 196 பாகை செல்சியஸ் குளிர்ச்சியுடைய திரவ நைட்ரஜனில் வைத்தபோதும் இயங்கியது. முன்னிலும் விரைவாகவே இயங்கியது. எந்தத் திருகையும் யாரும் திருகவில்லை. குளிரில் டிரான்சிஸ்டர்கள் வேகமெடுத்தன, ஒப்புகைகள் விரைந்து வந்தன, சுற்றும் விரைந்தது. முல்லர் கேட்ட பண்பு இதுவே.

கணினி வரைகலையின் முன்னோடியான ஐவன் சதர்லாண்ட் 1988ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருதைப் பெற்றார். அவ்வரங்கில் தம் பழைய சாதனைகளைப் பேசாமல், ‘மைக்ரோபைப்லைன்ஸ்’ என்னும் தலைப்பில் ஒத்தியங்காச் சுற்றுகளைப் பற்றியே உரையாற்றினார். 1989இல் அச்சான அவ்வுரை ஒரு தலைமுறையை இத்துறைக்கு இழுத்தது. அவர்களுள் ஒருவர் ஸ்டீவ் ஃபர்பர். இன்று நம் கைப்பேசிகளில் உள்ள ‘ஆர்ம்’ செயலியின் தொடக்க வடிவமைப்பாளர்களுள் ஒருவரான அவர், மான்செஸ்டர் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, அதே செயலியைக் கடிகாரமின்றி அமைத்தார். ‘அமுலெட்’ என்னும் அச்செயலியின் முதல் வடிவம் 1994இல் இயங்கியது. வேகத்தில் அது கடிகாரச் செயலியை வெல்லவில்லை. நம்பகமாகக் கட்ட முடியும் என்பதை மெய்ப்பித்தது.

கடைத்தெருவில் கிடைத்த வெற்றி எதிர்பாராத இடத்தில் வந்தது. 1990களின் பிற்பகுதியில் பிலிப்ஸ் நிறுவனம் பேஜர் கருவிகளில் ஒத்தியங்காச் செயலியைப் பயன்படுத்தியது. கடிகாரச் சுற்றில் எல்லா உறுப்புகளும் ஒரே கணத்தில் மாறுவதால், அது ஒரு சிறு வானொலி நிலையம்போல் இரைச்சலை எழுப்பும். மெல்லிய அலைகளைக் கேட்டு உணர வேண்டிய பேஜருக்கு அவ்விரைச்சல் இடையூறு. ஒப்புகையால் இயங்கும் சுற்றில் மாற்றங்கள் சிதறி நிகழ்வதால் இரைச்சல் அடங்கியது. வேலையில்லாத நேரத்தில் மின்கலமும் வீணாகவில்லை.

ஊகமே இல்லாத சுற்று உண்டா?

இதுவரை கேட்டவர்கள், கடிகாரத்தை நீக்கினால் ஊகங்கள் யாவும் நீங்கிவிடும் என்று எண்ணலாம். இத்துறையினரின் நேர்மை வெளிப்படும் இடம் இதுதான். வாயிலின் தாமதத்தோடு கம்பியின் தாமதத்தையும் அறவே நம்பாத சுற்றுகளைக் கட்ட இயலுமா என்று மார்ட்டினே ஆராய்ந்தார். 1990இல் அவர் தந்த விடை பலருக்கு ஏமாற்றமளித்தது. ஒரு வெளியீடு மட்டும் கொண்ட வாயில்களால் அத்தகைய சுற்றைக் கட்டுவதானால், முல்லரின் உறுப்பையும் ‘இல்லை’ வாயிலையும் தவிர வேறெதையும் பயன்படுத்த இயலாது. அவற்றைக் கொண்டு பயனுள்ள கணினி எதையும் கட்டிவிட முடியாது.

ஆகவே ஓர் ஊகத்தையாவது ஏற்றாக வேண்டும். அவர் ஏற்றது மிகச் சிறியது: குறித்த சில இடங்களில், ஒரு கம்பி இரண்டாகப் பிரியும்போது, இரு முனைகளிலும் செய்தி ஏறத்தாழ ஒரே நேரத்தில் சேர்கிறது. இதற்குச் ‘சமநேரக் கிளை’ என்று பெயர். அந்த ஊகத்தை ஒளிக்காமல், வரைபடத்தில் இன்ன கிளை, இன்ன இடம் என்று குறித்து, அங்கே மட்டும் கம்பிகளை அருகருகே வைத்துக் காத்துக்கொண்டார். இவ்வகைச் சுற்றுகள் ‘ஏறத்தாழத் தாமதம் சாராச் சுற்றுகள்’ எனப்பட்டன.

இந்த வரலாற்றில் நான் பெரிதாக மதிப்பது இப்பகுதியைத்தான். உறுதியான சுற்று என்பது ஊகமே இல்லாத சுற்று என்று தொடங்கினார்கள். அப்படி ஒன்று இயலாது என்று தாங்களே மெய்ப்பித்தார்கள். பிறகு, தன் ஊகங்களை எண்ணிக் குறைத்து, எஞ்சியவற்றைப் பெயர்சொல்லிக் காட்டும் சுற்றே உறுதியானது என்னும் தெளிவுக்கு வந்தார்கள். கடிகாரச் சுற்றின் குறை, அதில் ஊகம் இருப்பதன்று. அவ்வூகம் சுற்று முழுவதும் பரவிக் கண்ணுக்குத் தெரியாமல் கிடப்பது.

இன்று இரு மரபுகளும் ஒன்றையொன்று தழுவிக்கொண்டன. டேனியல் சாப்பிரோ 1984இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வேட்டில் முன்வைத்த வழி அது: சிற்றூருக்குள் ஊர்க் கடிகாரம், ஊருக்கும் ஊருக்கும் இடையே ஒப்புகை. ஃபர்பரின் குழு மூளையின் நரம்பு வலையைப் போல்செய்யக் கட்டிய ‘ஸ்பின்னேக்கர்’ இயந்திரம் 2018இல் பத்து இலட்சம் செயலி உள்ளகங்களை எட்டியது. ஒவ்வோர் உள்ளகமும் தன் கடிகாரத்தில் இயங்க, அவற்றிடையே செய்தி கடிகாரமின்றிச் செல்கிறது. 2014இல் ஐபிஎம் வெளியிட்ட ‘ட்ரூநார்த்’, 2017இல் இன்டெல் அறிவித்த ‘லோய்ஹி’ ஆகிய நரம்பியல் சில்லுகளும் ஒத்தியங்கா முறையைக் கையாள்கின்றன. செய்தி வந்தால் மட்டும் விழித்தெழும் இயல்பு அவற்றுக்கு மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது.

சொல்லுக்குத் திரும்புவோம்

நான் எழுதவிருந்த ‘ஒத்திசைவற்ற’ என்னும் சொல் ஏன் தவறு என்பது இப்போது விளங்கியிருக்கும். அது இல்லாத குழப்பத்தை இருப்பதாகக் காட்டியிருக்கும். அச்சொல்லோடு வகுப்பறைக்குள் நுழையும் மாணவர், ஒழுங்கற்ற ஒன்றைப் படிக்கப்போவதாகவே எண்ணியிருப்பார். ‘ஒத்தியங்கா’ என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அதுவும் மறுத்துச் சொல்லும் சொல்லே. ஆனால் தமிழில் எதிர்மறை எப்போதும் குறையைச் சுட்டுவதில்லை. திருக்குறளின் அதிகாரப் பெயர்களைப் பாருங்கள்: அழுக்காறாமை, வெஃகாமை, புறங்கூறாமை, கள்ளாமை, வெகுளாமை, கொல்லாமை. அத்தனையும் எதிர்மறை வடிவங்கள், அத்தனையும் அறங்கள். ஒன்றைச் செய்யாதிருக்கும் கட்டுப்பாட்டையே அவை பெயராகக் கொண்டுள்ளன. ஒத்தியங்காச் சுற்றையும் நான் அவ்வரிசையில் வைத்துப் படிக்கிறேன். அதன் கட்டுப்பாடு ஊகியாமை: பிறர் முடித்திருப்பார் என்று தானாக எண்ணிக்கொள்ளாமை.

ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். மணிக்கேற்பப் பாடம் நடத்த வேண்டிய கடமை நமக்கு உண்டு. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நடத்தினேன். “புரிந்ததா?” என்று கேட்டு, வகுப்பு பேசாமல் இருந்தால், புரிந்தது என்று கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அந்த மௌனத்தில் எத்தனை பேர் இன்னும் முந்தைய வரியிலேயே நின்றிருந்தனரோ, எனக்குத் தெரியாது. மணியை நம்மால் நிறுத்த முடியாது. ஆனால் பாடத்தில் இன்னின்ன இடங்களிலாவது, ஒவ்வொரு மாணவரின் ‘உம்’மையும் காதால் கேட்ட பின்னரே அடுத்த அடி வைப்பேன் என்று குறித்துக்கொள்ள முடியும். எங்கெங்கே ஊகித்துக் கடந்தோம் என்பதையும் பாடக்குறிப்பின் ஓரத்தில் எழுதிவைக்க முடியும். மறுநாள் அவ்விடத்திலிருந்தே தொடங்கலாம்.